புறவாசல்ல ஒரு ரூம் இழுத்துக் கட்டப் போறீங்களா? கொத்தனாரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தம்பிக்குக் கல்யாணம், அம்மாவுக்கு மாடி ஏற முடியல, இல்லன்னா வீட்டுல இருந்தே வேலை. காரணம் எதுவா இருந்தாலும், முதல்ல கண்ணுக்குப் படுறது வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற காலி இடம்தான். சங்கரன்கோவில் பக்கம் திருவேங்கடம் மாதிரி ஊர்கள்ல கிணறு, துவைக்கிற கல், செப்டிக் டேங்க் எல்லாம் அங்கேதான் இருக்கும். 'நம்ம இடம்தானே, யாரைக் கேட்கணும்?'னு தோணும். கேட்டுத்தான் ஆகணும்.

அனுமதி எதுக்கு வேணும், எதுக்கு வேண்டாம்?

பெயின்ட் அடிக்க, பூச்சு வேலை பார்க்க, தரையை மாத்த அனுமதி தேவையில்லை. ஆனா புதுசா சுவர் எழுப்பி, கூரை போட்டு பரப்பளவைக் கூட்டினா அது கட்டுமானம். 'மேலே சீட்டுதானே போடுறோம்'னு சமாதானம் சொல்லிக்காதீங்க. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ரெண்டும் இதுக்குப் பொருந்தும். திருவேங்கடம் பேரூராட்சிங்கிறதால, உள்ளூர்ல நீங்க போய் நிற்க வேண்டிய இடம் பேரூராட்சி அலுவலகம்.

பிரச்னை பரப்பளவு இல்ல, காலி இடம்தான்!

மனையோட பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிறதைத் தளப்பரப்புக் குறியீடுனு சொல்வாங்க. சாதாரண வீடுகளுக்கு இது 2. உதாரணத்துக்கு, 3 சென்ட் மனைன்னா சுமார் 1,307 சதுர அடி. எல்லாத் தளமும் சேர்த்து சுமார் 2,614 சதுர அடி வரைக்கும் கணக்கு இடம் கொடுக்கும். அதனால சின்ன வீட்டுக்கு இதுல பெருசா சிக்கல் வராது.

சிக்கல் வர்றது பக்க இடைவெளியில. முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல எவ்வளவு இடம் விடணும்ங்கிறது ரோட்டு அகலம், மனை அகலம், கட்டட உயரத்தைப் பொறுத்து மாறும். உயரம் கூடினா விட வேண்டிய இடமும் கூடும். இன்னைக்கு ஒரு ரூம், நாளைக்கு அது மேலே மாடினு திட்டம் இருந்தா, மாடியையும் சேர்த்தே கணக்குப் போடுங்க. சுவரோட சுவர் ஒட்டின தெருவா? அது 'தொடர் கட்டடப் பகுதி'யா அறிவிக்கப்பட்டிருந்தா, பக்கவாட்டு விதி வேற. பக்கத்து வீட்டுக்காரர் ஒட்டிக் கட்டியிருக்கார்ங்கிறதை மட்டும் வெச்சு முடிவெடுக்காதீங்க.

உடனடி அனுமதி உங்களுக்குக் கிடைக்குமா?

2024 ஜூலையில தமிழக அரசு சுயசான்றிதழ் முறையைக் கொண்டு வந்துச்சு. 2,500 சதுர அடி வரைக்குமான மனையில, 3,500 சதுர அடி வரைக்குமான தரைத்தளம் அல்லது தரைத்தளத்தோட ஒரு மாடி வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்துலயே உடனே அனுமதி வாங்கலாம். இந்த முறையில பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. ஆனா இது முக்கியமா புது வீட்டை மனசுல வெச்சு வந்தது. பழைய வீட்டோட சேர்த்துக் கட்டுறவங்க, எந்தப் பிரிவுல விண்ணப்பிக்கணும்னு பேரூராட்சியிலயோ பதிவு பெற்ற இன்ஜினீயர்கிட்டயோ கேட்டுட்டு ஆரம்பிங்க. சான்று கொடுக்கிறது நீங்க. தப்பான தகவல்னா பொறுப்பும் உங்களோடதுதான்.

கையில இருக்க வேண்டியவை

* பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. பட்டா தாத்தா பேர்லயே இருந்தா, முதல்ல பேர் மாத்துங்க.
* புலப்படம். சந்தேகம் இருந்தா சர்வேயரை வெச்சு அளந்து கல் ஊன்றிடுங்க. வேலிங்கிறது எல்லை இல்ல.
* பழைய வீட்டுக்கு வாங்கின அனுமதி வரைபடம்.
* பழசையும் புதுசையும் தனித்தனியா காட்டுற புது வரைபடம்.
* சொத்துவரி ரசீது. கட்டி முடிச்சதும் புதுப் பரப்பைச் சொல்லி வரியைத் திருத்தணும்.

இந்த மூணையும் மறந்துடாதீங்க

*மின்கம்பி:* தெருக்கம்பி மாதிரி தாழ்வழுத்த லைனுக்குப் பக்கவாட்டுல 1.2 மீட்டர், மேலே போற கம்பிக்குக் கீழே 2.5 மீட்டர் இடைவெளி வேணும். காங்கிரீட் போடும்போது நீளமான கம்பியைத் தூக்குறது உங்க வீட்டுல வேலை பார்க்குற ஆளுங்க. இது அவங்க உயிர் சம்பந்தப்பட்டது.

*பக்கத்து வீட்டு ஜன்னல்:* 20 வருஷமா தடையில்லாம உரிமையோட வந்த வெளிச்சத்துக்கும் காத்துக்கும் 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்பு தருது. கோர்ட்டுக்குப் போறதைவிட, வானம் தோண்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிடுறது நல்லது.

*செப்டிக் டேங்க்:* அது மேலே ரூம் கட்டிட்டா, கழிவு எடுக்க வர்ற லாரியோட குழாய் எந்த வழியா உள்ளே போகும்? மழைநீர்த் தொட்டிக்கும் இடம் விடுங்க.

கட்டிட்டுப் பார்த்துக்கலாமா?

வேணாம். அனுமதி இல்லாத கட்டுமானத்தை நிறுத்தவும் அகற்றச் சொல்லவும் 1971 சட்டத்துல இடம் இருக்கு. இடிக்கிறதுக்கு முன்னாடி 15 நாள் நோட்டீஸ் தரணும்னு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர்ல சொன்னது உண்மை. ஆனா அடுத்த மாசமே, அனுமதி மீறின கட்டடங்கள்ல கண்டிப்பு வேணும், வங்கிகள் நிறைவுச் சான்றைச் சரிபார்த்துத்தான் கடன் கொடுக்கணும்னும் அதே நீதிமன்றம் சொல்லிடுச்சு. அனுமதி இல்லாத ரூமால பல சமயம் இன்னைக்குச் சிக்கல் வராது. தங்கச்சி படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கப் போற அன்னைக்கு வரும்.

அதனால கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, டேப்பை எடுத்துக்கிட்டு ஒருமுறை புறவாசலுக்குப் போங்க. நாலு பக்கமும் அளந்து ஒரு பேப்பர்ல வரைஞ்சு, அதை இன்ஜினீயர்கிட்ட காட்டுங்க. மத்த வேலையெல்லாம் அதுக்கு அப்புறம்!