எந்த ஊர்க்காரங்க நாங்க?

கம்பஸுக்கு வந்த முதல் வாரம் ஒரு படிவம் தந்தாங்க. பெயர், முகவரி, சமயம் எல்லாம் எழுதியாச்சு. "இனம்" என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்னுபோச்சு. என் பிறப்புச் சான்றிதழில் "இந்தியத் தமிழர்" என்று இருக்கு. நான் இந்தியாவைக் கண்டதில்லை. அப்பாவும் கண்டதில்லை. தாத்தா பிறந்ததே பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில்தான். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பி எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடுதான் கேட்டாள்: "நீங்கள் இந்தியாவில எந்த இடம்?"

அன்றைக்கு நான் சிரிச்சு சமாளிச்சேன். ஆனா இந்தக் கேள்வியை வைத்து 1948 இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள்.

1947 தேர்தலில் தோட்ட மக்களுக்கு வாக்கு இருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருஷமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பிறப்பைப் பதியாத சனம் நிறைந்த லயத்தில் பூட்டன் பிறந்ததுக்கு யார் அத்தாட்சி காட்டுவது? 1949 இல் இன்னொரு சட்டம் வந்து விண்ணப்பிக்கச் சொன்னது. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. 1952 தேர்தலில் எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை இரண்டு அரசாங்கங்கள் மேசையில் வைத்துப் பங்கு பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு இப்படி முடிந்தது: தாத்தாவுக்கு இலங்கை, தாத்தாவின் தம்பிக்கு இந்தியா. அட்டன் ஸ்டேஷனில் தம்பியை ஏத்திவிட்ட கதையைச் சொல்லும்போது அப்பாயி பாதியிலேயே நிறுத்திடுவாங்க. தலைமன்னார் போன அந்த ரயிலுக்கு மலைநாட்டில் "ஒப்பாரிக் கோச்சி" என்று பேர். சின்னத் தாத்தா கோத்தகிரியில் இறங்கி மறுபடியும் தேயிலைக்கே போனார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்திய தோட்டங்கள் நீலகிரியில் இருந்தன. அங்கே அவருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "சிலோன்காரர்." இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன்!

ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடு என்பது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. ஐரோப்பாவில் போலந்தும் லித்துவேனியாவும் தனித்தனி நாடாகப் பிரிந்தபோது நருடோவிச் சகோதரர்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம் போனார்கள். அண்ணன் ஸ்டானிஸ்லாவ் 1918 இல் லித்துவேனியாவின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். தம்பி கப்ரியேல் 1922 இல் போலந்தின் முதல் ஜனாதிபதியாகி, பதவியேற்ற ஐந்தாம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மண்ணில் மிக்காய் ரோமர் என்ற சட்ட அறிஞரும் இருந்தார். வீட்டில் போலிஷ் பேசி வளர்ந்தவர். பேசும் மொழியை வைத்து நாட்டைத் தீர்மானிக்காமல், வாழும் மண்ணை வைத்துத் தீர்மானிக்கலாம் என்று வாதாடிய ஒரு சின்னக் கூட்டத்தோடு நின்றார். கடைசியில் லித்துவேனியாவைத் தேர்ந்து, அங்கே நீதிபதியாகவும் பல்கலைக்கழகத் தலைவராகவும் ஆனார். அந்தக் கூட்டம் தோற்றுப்போனது, உண்மைதான். ஆனா அவர்கள் கேட்ட கேள்விதான் எங்களுடையதும். ஒரு வித்தியாசம்: அவர்களால் தேர்ந்தெடுக்க முடிந்தது. எங்கள் ஆட்களுக்குத் தபாலில் முடிவு வந்தது.

எங்களை இழுத்தது இரண்டு நாடுகள் மட்டுமா? மூன்றாவது கையும் இருந்தது. குடியுரிமைப் பிரச்சினையில்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதை மறக்கக் கூடாது. ஆனா 1976 வட்டுக்கோட்டையில் தனிநாடு என்று தீர்மானித்தபோது, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதில் சேரவில்லை. தொண்டமானின் அரசியலில் எனக்கு நிறைய சண்டை இருக்கு. இந்த இடத்தில் மட்டும் அவர் நிலைமை விளங்குது. தமிழீழ வரைபடத்துக்குள் அட்டன் இல்லையே!

இந்த இழுபறிக்கு நடுவில்தான் "மலையகம்" என்ற சொல் பலம் பெற்றது. 1960களில் அட்டன் ஹைலன்ஸ் கல்லூரி ஆசிரியர் இர. சிவலிங்கம் போன்றவர்கள் அதை மாணவர் வாயிலும் மேடையிலும் புழங்க வைத்தார்கள். அந்தச் சொல் செய்வதைக் கவனியுங்கள்: பூட்டன் எங்கிருந்து வந்தான் என்று அது கேட்கவில்லை. நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்கிறது. 1948 சட்டத்துக்கு நேர் பதில் அது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்வதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இது எங்கள் மண் என்று சொன்னதுக்குக் கொடுத்த விலை.

மறுபேச்சும் இருக்கு. "இந்திய வம்சாவளி என்ற பேரை விட்டுட்டா அவன் ஏன் உதவுவான்?" என்று என் மாமா கேட்பார். 2017 இல் நோர்வூட்டில் மோடி 10,000 வீடு என்று அறிவித்தபோது மைதானத்தில் இருந்தவர் அவர். ஒழுகுற லயத்தில் இருக்கிறவரிடம் போய் அடையாள அரசியல் வகுப்பு எடுக்க எனக்கு மனசு வராது. இன்னொன்று: கலவரங்களில் விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறியவர்கள் மலையை விட்டு வந்து எத்தனையோ வருஷம். அவர்களை எந்தப் பேரில் சேர்ப்பது? "மலையகத் தமிழர்" என்பதும் முழுசாகத் தைக்கப்பட்ட சட்டை இல்லைதான்.

ஆனாலும் அது நாங்களே தைத்தது. அதனால்தான் 2023 இல், 200 வருஷ நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் அந்தப் பேரோடு நடந்தார்கள். எங்கள் முன்னோரைக் கொண்டுவந்த அதே பாதை.

2003 சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. வாக்கு இருக்கு, அடையாள அட்டை இருக்கு. ஆனா அன்றைக்குப் படிவத்தில் "இனம்" என்ற கட்டத்தை விட என்னைக் கஷ்டப்படுத்தினது அதுக்கு மேலே இருந்த "முகவரி". வீட்டுக்கு இலக்கம் இல்லை, தெருவுக்குப் பேர் இல்லை. தோட்டத்தின் பேரையும் டிவிஷனையும் எழுதினேன். கடிதம் வந்தா தோட்ட ஆபிஸில்தான் கிடக்கும். லயம் நிற்கிற நிலத்துக்கு எங்களிடம் உறுதி கிடையாது.

மண்ணின் பேரை எங்களுக்கு வைத்துக்கொண்டோம். மண்ணில் ஒரு துண்டு இன்னும் எங்கள் பேருக்கு வரவில்லை. 1948 இல் பறித்ததில் பாதிதான் திரும்பி வந்திருக்கு என்று அதனால்தான் சொல்றேன்.

படிவத்தில் என்ன எழுதினேன் என்று கேட்டீங்கன்னா: "மலையகத் தமிழர்." கட்டம் சின்னது. எழுத்து கொஞ்சம் வெளியே போயிட்டு. பரவாயில்லை என்று விட்டுட்டேன்.