ஒரு சொல்லுக்குப் போட்ட அபராதம்

நூறு பேருக்கு மேல் செத்துப்போன ஒரு வழக்கு. ஆனால் குற்றச்சாட்டு பாட்டிலின் மேல் இருந்த ஒரு சொல்லைப் பற்றியது. முதன்முதலில் படித்தபோது என்னால் நம்பவே முடியவில்லை.

1937, அமெரிக்காவின் டென்னஸி மாநிலம். மாசன்கில் என்ற மருந்து கம்பெனி. தொண்டைத் தொற்றுக்கு அப்போது சல்ஃபனிலமைடுதான் கண்கண்ட மருந்து. மாத்திரையாகவும் பொடியாகவும் கிடைத்ததை சிரப்பாகக் கேட்டார்கள். அது தண்ணீரில் லேசில் கரையாது. கம்பெனியின் வேதியியலாளர் டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார். ருசி, நிறம், மணம் மூன்றையும் பார்த்தார்கள். குடித்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. 1906ஆம் வருடச் சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. ஸ்பெக்கில் இல்லாததை யார் டெஸ்ட் செய்வார்கள்?

சில வாரங்களில் சிறுநீரகம் செயலிழந்து மக்கள் சாக ஆரம்பித்தார்கள், குழந்தைகள் உட்பட. உணவு மருந்து நிர்வாகம் தன் இன்ஸ்பெக்டர்களும் வேதியியலாளர்களுமான 239 பேரில் ஏறக்குறைய எல்லோரையும் களத்தில் இறக்கியது. விற்பனைச் சீட்டுகளைத் துருவி, ஊர் ஊராக அலைந்து, 240 கேலனில் 234ஐ மீட்டார்கள். அத்தனை சாவும் மிச்சமிருந்த ஆறு கேலனால் வந்தது.

எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள்? லேபிளில் 'எலிக்ஸிர்' என்று இருந்தது. எலிக்ஸிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. ஆகவே, தவறான பெயர். வெறும் 'கரைசல்' என்று எழுதியிருந்தால் அரசாங்கம் கைகட்டி நின்றிருக்கும். கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 26,100 டாலர் கட்டியது. தலைக்குச் சுமார் 250 டாலர் விழுகிறது. அதுவும் உயிருக்கான விலை இல்லை, பெயர்ப் பிழைக்கான விலை.

அந்தச் சாவுகள்தான் 1938இல் புதுச் சட்டத்தைக் கொண்டுவந்தன. புது மருந்து என்றால், பாதுகாப்பானது என்று கம்பெனி முதலில் காட்ட வேண்டும், பிறகுதான் விற்கலாம்.

அதே டை எத்திலீன் கிளைக்கால் 1972இல் சென்னையில் குழந்தைகளைக் கொன்றது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். இந்த இரண்டு முறையும் சட்டம் இல்லை என்று சொல்ல வழியில்லை. லைசென்ஸ் உண்டு, இன்ஸ்பெக்டர் உண்டு, ஆய்வகம் உண்டு. 1937இல் இன்ஸ்பெக்டர்கள் சாவுக்குப் பின்னால் ஓடினார்கள், ஏனென்றால் முன்னால் போக அவர்களுக்கு அதிகாரம் இல்லை. நம்மவர்களுக்கு இருந்தது.