'டு-லெட்' போர்டுக்குப் பின்னால ஒரு சட்டக் கதை

சிதம்பரத்தில் தேரோடும் நாலு வீதியைச் சுற்றியோ, கடலூர் மஞ்சக்குப்பம் பக்கமோ ஒருதடவை வாடகைக்கு வீடு தேடிப் பாருங்க. போர்டில் இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டா சம்பளம் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடியே, "தம்பி எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு? கவுச்சி சமைப்பீங்களா?" மூணும் சேர்ந்து ஒரே கேள்விதான். அது என்ன கேள்வின்னு உங்களுக்கே தெரியும்.

ஓனர்கள் இதுக்குச் சொல்ற காரணம் பயம். உள்ளே விட்டா வெளியே அனுப்ப முடியாதாம். அந்தப் பயத்துக்கு உண்மையிலேயே ஒரு வரலாறு இருக்கு.

இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, 1941-ல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. போர் முடிஞ்சும் அது போகல. 1946, 1949-னு சட்டமாகி, கடைசியா 1960 சட்டமா நிலைச்சது. வாடகை பாக்கி, உள்வாடகை, கட்டடத்துக்குச் சேதம், ஓனருக்கே வீடு தேவை, இப்படிச் சட்டம் சொல்ற காரணத்தை நிரூபிச்சாத்தான் காலி பண்ண வைக்கலாம். வழக்கோ வருஷக்கணக்கில் இழுக்கும்.

இன்னொரு பிரிவை நிறைய பேர் மறந்துட்டாங்க. வீடு காலியானா ஓனர் அதை அரசு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்கணும். அரசு கேட்டா, தன் அலுவலர் குடியிருக்க அதை எடுத்துக்கலாம். தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரா, கலெக்டர் ஆபீஸோட இருந்த கடலூரில் இதை யோசிச்சுப் பாருங்க. குடியிருப்பவரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை, காகிதத்திலாவது, முழுசா ஓனர் கையில் இல்லை.

ரோல்பேக் இல்லாத சிஸ்டத்தில் எல்லா செக்கையும் இன்புட்டிலேயே போடுவோம் இல்லையா, அதேதான் இங்கேயும் நடந்தது. ஆனா ஜாக்கிரதையா இருக்கிறதுக்குத்தான் அந்தப் பயம் காரணம் ஆகும், சாதி விசாரிக்கிறதுக்கு ஆகாது. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கின ஊர் சிதம்பரம். படிப்பு முடிஞ்சா தானா கிளம்புற மாணவர்கிட்டயும் அதே மூணு கேள்வி ஏன்?

2017-ல் புதுச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரி 22-ல் அமலானது. எழுத்தில் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு, வீட்டுக்கான முன்பணம் மூணு மாத வாடகைக்கு மேல் கூடாது, தகராறுக்குத் தனி வாடகை நீதிமன்றம். இப்போ ஓனர் அடையாள அட்டை கேட்கட்டும், சம்பள ரசீது கேட்கட்டும், பழைய ஓனருக்கு ஒரு போன் போடட்டும். போதுமே.

தீண்டாமையின் பேரில் ஒருத்தரை ஒரு பகுதியில் குடியிருக்க விடாம தடுக்கிறது 1955-லிருந்தே குற்றம். ஆனா "வீடு நேத்தே முடிஞ்சுபோச்சு தம்பி"ன்னு போன்ல சொல்லிட்டா எப்படி நிரூபிப்பீங்க? அமெரிக்காவில் 1968-ல் இதுக்குச் சட்டம் வந்தது. வீடு தேடுற மாதிரி ரெண்டு பேரை அனுப்பி, பதில் மாறுதான்னு சோதிச்சாங்க. அப்படிச் சோதிக்கப் போனவரும் வழக்குப் போடலாம்னு 1982-ல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. டெல்லியில் சுகதேவ் தோரட் குழு கிட்டத்தட்ட அதே முறையில் சோதிச்சு, 2015-ல் முடிவை வெளியிட்டாங்க. தலித், முஸ்லிம் பேர்களுக்குத்தான் 'இல்லை' அதிகமா வந்தது.