சேண அறையில் தொங்கிய ஒரு வார்



சென்ற தவணையில், நான்காம் ஆண்டு வகுப்பில் 'கடிவாளம்' என்னும் சொல் வந்தது. பொருள் தெரியுமா என்று வினவினேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "கடிக்கிற வாள், சார்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். சரியான விடையை எழுதப் பலகைப் பக்கம் திரும்பியபோதுதான் உறைத்தது: நாற்பதைக் கடந்த நானும் கடிவாளத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவன் அல்லன்.

பள்ளி விடுமுறையில், குதிரையேற்றம் பயிற்றுவிக்கும் லாயம் ஒன்றுக்குச் சென்றேன். அங்கே நெடுங்காலமாகப் பணியாற்றும் பெரியவர் ஒருவர் என்னைக் குதிரைகளிடம் அழைத்துச் செல்லவில்லை. முதலில் சேண அறையைத் திறந்து காட்டினார். "இங்க ஒழுங்கு தப்புனா, அங்க குதிரைக்குப் புண்ணு சார்" என்றார்.

அவர் கூற்றின் பொருள் அறைக்குள் நின்றபோது விளங்கிற்று. ஒவ்வொரு சேணத்திற்கும் வளைந்த தாங்கி. அதன் மேல் குதிரையின் பெயர். சேணத்தைத் தரையில் போட்டால் அதன் உட்சட்டம் கோணிவிடும். கோணிய சேணம் முதுகை அறுக்கும். ஒரு குதிரையின் முதுகுபோல் மற்றொன்றின் முதுகு இராது என்பதால் ஒன்றன் சேணம் இன்னொன்றுக்குப் பொருந்துவதும் அரிது. கடிவாள வார்களை ஆணியில் மாட்டினால் தோல் மடிந்து வெடிக்கும் என்பதற்காக, அரைவட்டக் கட்டைகளில் தொங்கவிட்டிருந்தார்கள். மூலையில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நம் நாட்டுப் புழுக்கத்தில் தோலைச் சில நாள்கள் கவனியாமல் விட்டாலே பூஞ்சணம் பூத்துவிடுமாம். பள்ளிக் காலணியை விடுமுறை முழுவதும் மறந்து வைத்த பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விடைபெறும்போது, தேய்ந்துபோன கடிவாள இரும்பு ஒன்றைப் பெரியவர் என்னிடம் கொடுத்தனுப்பினார். பள்ளி திறந்ததும் அதை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். 'கடிக்கிற வாள்' சொன்ன அதே மாணவன் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். "இது வாய்க்குள்ள வலிக்காதா, சார்?" என்றான்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி உண்டு. இரும்பு அங்கே அமர்கிறது. பிடிப்பவன் கை மென்மையானால் வலி குறைவு, முரடானால் மிகுதி. இவ்வளவே அன்று சொல்ல முடிந்தது. அவ்வினாவுக்கு முழு விடை ஒரு வரலாற்றில் இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர் மாளிகைகளின் லாயத்தை ஒட்டிச் சேண அறை ஒன்று கட்டாயம் இருக்கும். தோல் ஈரங்கொள்ளாதிருக்க அங்கே அடுப்பு எரியும். விழாக்கால வார்கள் கண்ணாடி அலமாரிக்குள் மின்னும். எஃகு இரும்புகளை மணலும் எண்ணெயும் இட்டுத் தேய்த்து முகம் தெரியும்படி வைப்பதில் லாயப் பணியாளர்க்குப் பெருமை. ஒழுங்கிலே குறை சொல்ல இயலாது. ஆயினும், அதே அறையில், அதே பளபளப்போடு, 'பேரிங் ரெயின்' என்ற வார் ஒன்றும் தொங்கியது. தமிழில் அதை நிமிர்த்து வார் எனலாம்.

அதன் வேலை எளிது. குதிரையின் வாயிலுள்ள இரும்பிலிருந்து புறப்பட்டு, தலையருகே உள்ள வளையத்தின் வழியாகப் பின்சென்று, முதுகிலுள்ள கொக்கியில் மாட்டப்படும். அதன்பின் குதிரையால் தலையைத் தாழ்த்த இயலாது. வண்டி இழுக்கும் குதிரை மேட்டில் ஏறும்போது தலையைத் தாழ்த்திக் கழுத்து வளையத்தின் மீது முழு எடையையும் சாய்த்துத்தான் இழுக்கும். இழுத்துக் கட்டிய குதிரைக்கு அது முடியாது. மூச்சு முட்டும், வாய் புண்ணாகும், கழுத்து இறுகும். இத்தனையும் எதற்காக? நிமிர்ந்த தலை பார்வைக்கு மிடுக்காக இருக்கிறது என்பதற்காக. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வகுப்பறை அலமாரியை அடுக்கும் நமக்கு இந்த மனநிலை முற்றிலும் புதிதன்று.

குதிரை, மாடு முதலியவற்றைக் கொடுமையாக நடத்துவதைத் தடுக்கும் சட்டம் 1822இலேயே பிரிட்டனில் வந்துவிட்டது. தெருவில் விழும் சவுக்கடி கண்ணுக்குத் தெரியும். அழகுக்காகக் கட்டிய வார் பலர் கண்ணுக்குக் கொடுமையாகத் தோன்றவில்லை. 1875இல் எட்வர்ட் ஃபோர்ட்ஹாம் ஃபிளவர் என்பவர் இதை எதிர்த்துத் தனி நூலே எழுதினார். இரண்டாண்டு கழித்து, 1877இல், 'பிளாக் பியூட்டி' வெளிவந்தது.

அதை எழுதிய அன்னா சூவெல் 1820இல் நார்ஃபோக் வட்டாரத்தின் கிரேட் யார்மத் நகரில் பிறந்தவர். 14 வயதில் விழுந்து கணுக்கால்கள் பழுதுபட்டன. அதன்பின் வாழ்நாள் முழுவதும் நடப்பது கடினம். எங்கே செல்வதானாலும் குதிரை வண்டிதான். பிறருக்குக் குதிரை ஓர் உடைமை. அவருக்கோ அது கால். 1871இல் தொடங்கிய நூலை நோயின் இடையே, எழுதக்கூட இயலாத நாள்களில் தாயார் மேரியின் துணையோடு முடித்தார்.

இன்று அதைச் சிறுவர் நூலாக நாம் வாங்கித் தருகிறோம். குதிரைகளோடு வேலை செய்வோர் படித்துத் திருந்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர் எழுதியது சேண அறை மனிதர்களுக்காக. ஆகவே, அந்நூலில் தீமை செய்பவரெல்லாம் தீயவர் அல்லர். ஜோ என்னும் சிறுவன் அன்புள்ளவன். வேர்த்து வந்த குதிரைக்குப் போர்வை போர்த்தாமல் குளிர்ந்த நீரைக் கொடுத்துவிடுகிறான். குதிரை சாகக் கிடக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. வண்டிக்காரர் யார்க்குக்கோ எல்லாம் தெரியும். ஆனாலும், எசமானியின் கட்டளைக்கு அஞ்சி நிமிர்த்து வாரைப் படிப்படியாக இறுக்குகிறார். ஜிஞ்சர் என்ற பெண்குதிரை ஒருநாள் பொறுக்கமாட்டாமல் துள்ளி உதைத்து விழுகிறது. இவ்விருவருள் என்னை அதிகம் வருத்துபவர் யார்க்தான். அறியாமைக்குப் பாடம் நடத்தலாம். அறிந்தும் இறுக்கும் கைக்கு என்ன நடத்துவது?

1890இல் ஜார்ஜ் ஏஞ்சல் என்பவர் அந்நூலை அமெரிக்காவில் பதிப்பித்து, குதிரை ஓட்டுவோர்க்கு இலவசமாகவும் பரப்பினார். பிரிட்டனில் அந்த வார் காலப்போக்கில் அன்றாட வண்டிகளிலிருந்து மறைந்தது. ஒரு நூல் மட்டுமே அதைச் செய்ததென்று சொல்லமாட்டேன்.

நூலாசிரியர் அதையெல்லாம் காணவில்லை. நூல் வெளிவந்து ஐந்து மாதங்களில், 1878 ஏப்ரலில், காலமானார். இறுதி ஊர்வலத்திற்கு வந்த குதிரைகளின் தலைகள் நிமிர்த்து வாரால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன என்றும், சன்னல் வழியே அதைக் கண்ட தாயார் மேரி, அவற்றையெல்லாம் முதலில் அவிழ்க்கச் செய்தார் என்றும் சொல்வார்கள்.