வெள்ளமா, அணையா? உஸ்மானியா மருத்துவமனை எழுந்த வரிசை

ஹைதராபாத் உஸ்மானியா பொது மருத்துவமனையைச் சுற்றிக் காட்டும் மரபு நடைகளில் கட்டடத்துக்கு முன்பே பேசப்படும் சாட்சி ஒன்று உண்டு: வளாகத்துப் புளியமரம். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்தபோது அம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். அதே வெள்ளத்தில் 1866இல் தோன்றிய அஃப்சல் கஞ்ச் மருத்துவமனை அழிந்தது. பின்னர் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் புதிய மருத்துவமனையைக் கட்டினார். மூன்று செய்திகளும் மெய்யானவை. அவற்றுக்கு நடுவே நாம் போட்டுக்கொள்ளும் 'ஆகவே' மட்டும் இன்னும் நிறுவப்படவில்லை.

இந்த 'ஆகவே'க்கு ஆய்வுத் தளத்தில் இடம் தருவது, மூசி வெள்ளம் குறித்து பெஞ்சமின் கோஹன் 2011இல் வெளியிட்ட கட்டுரை. நகரச் சூழலின் நவீனமயமாக்கத்துக்கு வெள்ளமே உந்துதலாயிற்று என்பது அவருடைய மைய வாதம். அதன் பெரும்பகுதியோடு எனக்குப் பிணக்கில்லை. வெள்ளத்துக்கு மறு ஆண்டே பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா அழைக்கப்பட்டார். ஆற்றின் மேற்பகுதியில் நீர்த்தேக்கங்கள் கட்டப் பரிந்துரைத்தார். 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. இவ்விரண்டையும் வெள்ளத்திலிருந்து பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் உந்துதல் என்ற கருத்தை மருத்துவமனை வரைக்கும் நீட்டும்போது அது பளு தாங்குவதில்லை.

முதல் தடை காலம். வெள்ளம் வந்தபோது ஆட்சியில் இருந்தவர் ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான். 1911இல் ஆட்சி மாறியது. மருத்துவமனைப் பணி தொடங்கியதாக நான் கொள்ளும் ஆண்டு 1919. வெள்ளத்துக்கும் அதற்கும் நடுவே பதினொரு ஆண்டுகள். சுமார் 15,000 பேரைப் பலிகொண்டதாகச் சொல்லப்படும் வெள்ளத்துக்குப் பின், 1911இல் பிளேக் கண்ட ஒரு தலைநகரம், அத்தனை காலம் மருத்துவ ஏற்பாடே இல்லாமல் இருந்திருக்க முடியாது. அவசரத் தேவை வேறு வழிகளில் தீர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் 1919இல் எழத் தொடங்கிய மாளிகை அந்த அவசரத்தின் விளைவாக இருக்க இயலாது.

இரண்டாம் தடை அக்கம்பக்கம். தென்கரையில் நேர் எதிரே நிற்கும் உயர்நீதிமன்றம் 1915இல் தொடங்கி 1920இல் திறக்கப்பட்டது. ஜெய்ப்பூர் சங்கர்லால் வரைந்த திட்டத்தை நிறைவேற்றியவர் வின்சென்ட் எஷ். கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர். மருத்துவமனையும் அவர் கைவண்ணமே. நீதிமன்றத்தை யாரும் வெள்ளத்துக்கான பதிலாகப் படிப்பதில்லை. ஒரே ஆட்சி, ஒரே கட்டடக் கலைஞர், ஒரே ஆற்றங்கரை, அடுத்தடுத்த ஆண்டுகள். இருந்தும் வடகரைக் கட்டடத்தை மட்டும் தனியே பிரித்து வெள்ளத்தோடு கட்டுகிறோம். எஷ் ஆற்றை நோக்கி எழுப்பிய நெடிய முகப்பையும் குவிமாடங்களையும் எதிர்க்கரையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் பொருள் விளங்குகிறது. ஆற்றின் இரு கரைகளையும் தலைநகரின் முகமாக மாற்றும் எண்ணம் அது.

இனி மரத்துக்கு வருகிறேன். கோஹன் வழி வாசிப்புக்கு இது ஓர் அடையாளம். எனக்கோ இதுவே எதிர்ச்சான்று. அந்நாளில் மரம் நின்றது அஃப்சல் பூங்காவில். அந்த இடம் இன்று மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கிறது. சுமார் 150 பேர் கிளையேறித் தப்பிய அளவுக்கு நீர் நின்ற நிலம் இது என்பதை மரத்தைப் போல் உறுதியாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை. பேரழிவிலிருந்து பாடம் கற்ற அரசு நோயாளிகளை மேட்டு நிலத்துக்குக் கொண்டு போயிருக்கும். மேடுகளுக்குக் குறைவில்லாத ஊர் ஹைதராபாத். நிஜாம் அரசோ முங்கிய நிலத்திலேயே, ஆற்றைப் பார்த்து, பல நூறு படுக்கைகளை வைத்தது. அந்தத் துணிவுக்குக் காரணம் வேண்டும். காரணம் ஆற்றின் மேற்பகுதியில் இருந்தது. அங்கே உஸ்மான் சாகர் அணையின் பணி 1913இல் தொடங்கி 1920இல் முடிந்தது. அணை முடிவுக்கு வரும் வேளையில் மருத்துவமனைக்கு அடித்தளம் விழுகிறது. வெள்ளம் மருத்துவமனையைக் கட்டவைக்கவில்லை. வெள்ளம் இனி வராது என்ற பொறியியல் நம்பிக்கை கட்டவைத்தது.

இந்த வாதத்தின் மெலிந்த இடம் எனக்குத் தெரியும். விஸ்வேஸ்வரய்யாவின் ஏற்பாடு ஒரே அணையால் நிறைவதில்லை. ஈசி ஆற்றின் குறுக்கேயான ஹிமாயத் சாகர் 1927இல்தான் முடிந்தது. மருத்துவமனை நிறைவெய்தியபோது பாதிக் காவலே இருந்தது. ஆனாலும் இது என் வாசிப்பை உடைக்கவில்லை. இரண்டாம் அணை வரும்வரை காத்திராமல் கட்டினார்கள் என்றால், முதல் அணை தந்த நம்பிக்கை அந்த அளவுக்கு வலுவாக இருந்தது என்றே பொருள்.

ஆண்டுக் குழப்பமும் இங்கேதான் தீர வேண்டும். புழக்கத்தில் இரு கணக்குகள் உண்டு: ஒன்று கட்டடம் 1919இல் முடிந்தது என்கிறது, மற்றொன்று 1925இல் என்கிறது. 1919ஐத் தொடக்கமாகவும் 1925ஐ நிறைவாகவும் கொள்வதே பொருத்தம் என்று கருதுகிறேன். இத்தனை பரந்த கட்டடத்துக்கு ஆறு ஆண்டுகள் மிகையல்ல. ஆயினும் இது பொருத்தம் பார்த்து எடுத்த முடிவு, நிறுவப்பட்ட தேதியன்று. 1919 நிறைவு ஆண்டாக உறுதிப்பட்டால் உஸ்மான் சாகரோடு நான் காட்டும் உறவு தளரும். அப்போதும் உயர்நீதிமன்றத்தோடு உள்ள உறவு நிற்கும்.

இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும்: மருத்துவக் கல்வி. 1846இல் உருது வழியில் தொடங்கிய ஹைதராபாத் மருத்துவப் பள்ளி இந்நகரில் நீண்ட பயிற்சி மரபை வளர்த்திருந்தது. எட்வர்ட் லாரி தலைமையில் 1888இலும் 1889இலும் குளோரோஃபார்ம் ஆணையங்கள் இங்கே நடந்தன. அவற்றின் முடிவுகள் லண்டன் மருத்துவ உலகில் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. குளோரோஃபார்மால் இதயத்துக்கு நேரடி ஆபத்தில்லை என்ற லாரியின் முடிவு பின்னர் மறுக்கப்பட்டது. ஆனால் அப்பள்ளியின் தன்னம்பிக்கை ஐயத்துக்கு இடமற்றது. 1918இல் உருதுவைப் பயிற்று மொழியாகக் கொண்டு உஸ்மானியா பல்கலைக்கழகம் பிறந்தது. அதற்கு மறு ஆண்டே பெரிய மருத்துவமனைப் பணி தொடங்கியிருந்தால், அதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இது வெறும் காரணத் தகராறு அன்று. 2015இல் கட்டடத்தை இடிக்கும் அறிவிப்பு வந்தது. மரபு ஆர்வலர்கள் எதிர்த்தனர். 2020 ஜூலையில் மழைநீரும் கழிவுநீரும் வார்டுகளுக்குள் புகுந்தன. பழைய கட்டடம் காலி செய்யப்பட்டது. 2025 ஜனவரியில் கோஷாமஹாலில் புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வெள்ளம் பெற்ற பிள்ளையாக இக்கட்டடத்தைப் பார்ப்பவர்களுக்கு 2020 நிகழ்ச்சி விதி திரும்பியதுபோல் தோன்றும். உண்மையில் அன்று உள்ளே வந்தது மூசியின் பெருக்கன்று, அடைபட்ட வடிகால்களின் நீர். அணையை நம்பிக் கட்டிய கட்டடத்தை வடிகால் கைவிட்டது. அது பராமரிப்பின் குற்றம், பழுதுபார்க்கக்கூடியது. ஆகவே நடைகள் ஆற்றங்கரையில், உயர்நீதிமன்றத்தை எதிரே வைத்துத் தொடங்கட்டும். உஸ்மான் சாகரின் பெயர் அங்கேயே சொல்லப்படட்டும். இடிப்பதா காப்பதா என்று முடிவெடுப்பவர்கள் எந்த வரிசையை நம்புகிறார்கள் என்பது இக்கட்டடத்தின் ஆயுளை நீட்டவோ குறைக்கவோ செய்யும்.