காற்றுப் பை கொளுக்கி: ஐந்தாம் சக்கர ட்ரெய்லரை இழுக்கமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கனடாவில் வசிக்கும் என் பெரியம்மாவின் மகன் கடந்த கோடையில் ஒரு ட்ரெய்லர் வீடு வாங்கினார். பிக்கப் வாகனத்தின் பின்பெட்டிக்குள் கொளுவி இழுக்கிற, 'ஐந்தாம் சக்கரம்' என்று அழைக்கப்படும் வகை. அதிர்வைக் குறைக்கக் காற்றுப் பை பொருத்திய கொளுக்கியும் வாங்கியிருந்தார். "புத்தகம் முழுக்க இங்கிலிசிலயும் பிரெஞ்சிலயும்தான் கிடக்கு. எவ்வளவு காத்தடிக்க வேணும், எப்ப அடிக்க வேணும் எண்டு ஒருத்தரும் தமிழில எழுதேல்லை. நீதானே எழுதுறனி, எழுதன்" என்றார்.

இங்கிருந்து போய் நடுத்தர வயதில் வேற்று மொழி பழகிய பலருக்கு இது பொருந்தும். இந்த வேலையில் ஒரு படி பிழைத்தால், நாலரைத் தொன் எடை நெடுஞ்சாலையில் கழன்றுவிடலாம்.

பெயரும் வரலாறும்

குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கையாக ஒரு வளையம் வைத்தார்கள். நான்கு சக்கரங்களுக்கு மேலதிகமானது என்பதால் அது ஐந்தாம் சக்கரம் ஆனது. பின்னர் கனரக வாகனங்களில் ட்ரெய்லரைத் தாங்கும் தட்டுக்கும் அதே பெயர் வந்தது. ஏ9 வீதியில் போகும் கன்டெய்னர் வாகனங்களின் தலைப்பகுதிக்குப் பின்னால், கிறீஸ் பூசி, நடுவில் பிளவோடு தெரிவது அந்தத் தட்டுத்தான். ட்ரெய்லரின் அடியிலிருந்து இறங்கும் இரண்டு அங்குல விட்டமுள்ள கிங்பின் அந்தப் பிளவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

காற்றால் அதிர்வைத் தாங்கும் யோசனையும் புதிதல்ல. அமெரிக்க விமான முன்னோடி கிளென் கர்டிஸ் 1920களின் இறுதியில் உருவாக்கிய 'ஏரோகார்' ட்ரெய்லரில், இழுக்கும் காரின் பின்பக்கத்தில் காற்றடைத்த டயர் ஒன்றைப் படுக்கையாக வைத்து, அதன் நடுவே ட்ரெய்லரின் முளையைக் கொளுவினார். இன்றைய காற்றுப் பை கொளுக்கி செய்வதும் அதே வேலைதான்.

எது மாறும், எது மாறாது

லாண்ட்மாஸ்டர் பெட்டியில் குந்தியிருந்து போனவர்களுக்கு அதிர்வைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் அடி கொளுக்கி வழியாகச் சாரதியின் முதுகுக்கும் வரும். ஐந்தாம் சக்கர ட்ரெய்லரிலும் இதே முன்பின் உதைப்பு உண்டு. காற்றுப் பை அந்த உதையை வாங்கிக்கொள்கிறது. சாரதியின் களைப்பு குறையும், ட்ரெய்லரின் சட்டகமும் அலுமாரிகளும் ஆட்டம் காண்பது குறையும்.

ஆனால் அது எடையைக் குறைக்காது, வாகனத்தின் தாங்குதிறனைக் கூட்டாது. பின் அச்சுக்குத் தனியாகக் காற்றுப் பை பூட்டினாலும் இதே கதைதான். வாகனம் நிமிர்ந்து நிற்கும், அனுமதிக்கப்பட்ட எடை மாறாது.

முதலில் கணக்கு

ட்ரெய்லரின் முழு எடையில் ஏறத்தாழ 15 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் வழியாகப் பிக்கப்பின் மேல் இறங்கும். சாமான்கள் ஏற்றியபின் 10,000 இறாத்தல் உள்ள ட்ரெய்லர் என்றால், 20 சதவீதத்தில் 2,000 இறாத்தல். கொளுக்கிக்கு 250 இறாத்தல், ஆட்களுக்கும் பொருட்களுக்கும் 600 இறாத்தல் என்று வைத்தால் மொத்தம் 2,850. சாரதிப் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாங்குதிறன் எண் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அரைத் தொன் வகைப் பிக்கப்கள் பலவற்றில் அப்படி இருக்காது. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 'இழுவைத் திறன்' எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சாமான்களை ஏற்றியபின் லொறிகள் நிறுக்கும் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதே உறுதியான வழி.

ஒன்டாரியோவில் சாதாரண 'ஜீ' அனுமதிப்பத்திரத்துடன், இழுக்கப்படும் வாகனம் 4,600 கிலோ வரையும் இரண்டும் சேர்ந்து 11,000 கிலோ வரையும் இருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பொருத்துதல்

கொளுக்கியின் தட்டு பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் தள்ளினால் முன் சக்கரங்களின் எடை குறைந்து ஸ்டியரிங் பிடிப்பு இளகும். கொளுக்கியைத் தாங்கும் தண்டவாளங்களைப் பின்பெட்டியின் தகட்டில் மட்டும் பூட்டினால் போதாது. அவை வாகனத்தின் சட்டகத்துடன் இணைய வேண்டும். போல்ட்களை உற்பத்தியாளர் தந்த அளவுக்கு இறுக்கி, முதல் பயணத்தின் பின் மீண்டும் பார்க்க வேண்டும்.

ட்ரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும். பின்பெட்டியின் பக்கச் சுவருக்கும் ட்ரெய்லரின் அடிக்கும் இடையில் குறைந்தது ஐந்தரை முதல் ஆறு அங்குலம் இடைவெளி தேவை. பின்பெட்டி குட்டையான வாகனங்களில், கூர்மையாகத் திரும்பும்போது ட்ரெய்லரின் மூலை பின் கண்ணாடியில் முட்டும் ஆபத்தும் உண்டு.

கொளுவும் ஒழுங்கு

1. ட்ரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். காற்றுப் பையில் உற்பத்தியாளர் சொல்லும் குறைந்தபட்சக் காற்று மட்டும் இருக்கட்டும்.

2. ட்ரெய்லரின் தட்டு கொளுக்கித் தட்டைவிட அரை அங்குலம் அளவு தாழ்வாக இருக்கட்டும். பின்னோக்கி வரும்போது கொளுக்கி அதைச் சற்றுத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ட்ரெய்லர் உயரமாக நின்றால் கிங்பினின் நுனி மட்டும் மாட்டும். பூட்டியது போலத் தெரியும், ஆனால் பூட்டியிருக்காது. கழன்று விழும் விபத்துகளுக்கு இது முக்கிய காரணம்.

3. கைபிடி முழுதாக மூடியதா, இரண்டு தட்டுகளுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் மீண்டும் கொளுவுங்கள். சரியென்றால் பாதுகாப்பு முளையைப் போடுங்கள்.

4. மின் இணைப்பைச் செருகுங்கள். ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் கம்பியை வாகனத்தில் கட்டுங்கள், கொளுக்கியில் கட்டாதீர்கள்.

5. கால்கள் நிலத்தில் தொட்டபடி இருக்க, சக்கரக் கட்டைகளோடும் ட்ரெய்லர் பிரேக்கோடும் வாகனத்தை மெதுவாக முன்னே இழுத்துப் பாருங்கள். பூட்டு பிடித்தால் மட்டும் கால்களை முழுதாக உயர்த்துங்கள். கட்டைகளை எடுக்க மறக்க வேண்டாம்.

எவ்வளவு காற்று?

அண்ணாவின் கேள்விக்குப் பதில் ஒரு எண் அல்ல. ட்ரெய்லரின் முழுப் பாரமும் கொளுக்கியில் இறங்கிய பின்னரே காற்றடிக்க வேண்டும். கொளுக்கியின் தலை, அதில் குறித்திருக்கும் ஓட்ட உயரத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அங்கே மேலும் கீழும் அசைய இடமிருக்கும். அப்போது மானி காட்டும் பீ.எஸ்.ஐ. எண்ணைக் குறித்து வையுங்கள், அதுதான் உங்கள் ட்ரெய்லருக்கான எண். சாமான் கூடிக் குறைந்தால் அதுவும் மாறும்.

காற்றுக் குறைந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்போடு இரும்பு இடிக்கும், சாதாரணக் கொளுக்கியைவிட மோசமாகும். கூடினால் பை கல்லுப்போலாகி வாங்கியதன் பயன் போய்விடும். பையில் குறித்த உச்ச அளவுக்குக் கிட்ட வந்தும் தலை உயராவிட்டால், மேலும் அடிக்காதீர்கள். அந்தப் பாரம் அந்தக் கொளுக்கிக்கு அதிகம் என்பதே அதன் பொருள். குளிர்ந்தால் அமுக்கம் இறங்குவதால், பயண நாட்களில் காலையில் பாருங்கள். கசிவைச் சவர்க்கார நுரை காட்டிவிடும்.

கழற்றும்போது கட்டை வைத்துக் கால்களை இறக்குங்கள். ட்ரெய்லர் எழும்ப எழும்பப் பையும் விரிந்து கூடவே மேலே வரும், பூட்டு இறுகி நிற்கும். கொஞ்சம் காற்றை வெளியே விட்டால் இளகும்.

ஆட்களை ஏற்றலாமா?

பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். "ஒரு மணித்தியாலம்தானே, பின்னால கட்டிலில படுத்துக்கொண்டு வாறன்" என்றாராம். அண்ணா விடவில்லை. ஒன்டாரியோ சட்டப்படி, ஓடும்போது ட்ரெய்லர் வீட்டுக்குள் எவரும் இருக்கக்கூடாது. ட்ரெய்லர் கவிழ்ந்தாலோ கழன்றாலோ உள்ளே இருப்பவரைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை.

2009இல் அதே பெரியம்மா உழவு இயந்திரப் பெட்டியில், நெல் மூட்டைகளுக்கும் பாய்களுக்கும் நடுவில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதான் இடம்பெயர்ந்தார். அன்று அதைவிட்டால் வேறு வழி இருக்கவில்லை. இப்போது அவருக்கு முன் ஆசனமும் பட்டியும் இருக்கின்றன. கதவைச் சாத்தமுன் அண்ணா அவருடைய பட்டியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாராம், கொளுக்கியை இழுத்துப் பார்ப்பது போலவே.