வினைப்பயனை ஊட்டுவோன்: கருங்கல் வட்டாரத்தில் வைத்துப் பார்த்த ஒரு கடவுள் வாதம்

கருங்கல்லிலிருந்து வடக்கே போனால் மார்த்தாண்டம், அதையும் தாண்டினால் சிதறால் மலை. கருங்கல்லுக்கு அருகிலேயே நட்டாலம். எல்லாம் பழைய விளவங்கோடு தாலுகாவுக்குள் அடங்கிய ஊர்கள். உலகுக்குக் கர்த்தா என ஒருவர் வேண்டியதில்லை என்ற சமணர் சிதறாலில் பள்ளி அமைத்திருந்தார்கள். மகா சிவராத்திரியன்று நடக்கும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டாவது கோவில் நட்டாலத்தில் இருக்கிறது. (சிவன் கோவில்களை நோக்கி ஓடுகிறவர்கள் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு ஓடுவது எந்தத் தருக்க நூலுக்கும் அடங்காத விஷயம்.) அதே நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் பிள்ளையாகி, 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அறிவைக் கொண்டு கடவுளை நிறுவ சைவ சித்தாந்தம் கையாளும் வாதங்களில் ஒன்றை இந்தத் தரப்புகளுக்கு நடுவே நிறுத்தினால் அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இங்கு என் கேள்வி.

எல்லாருக்கும் தெரிந்த வாதம் குடமும் குயவனும். குடம் காரியம், அதற்குக் கர்த்தா உண்டு. உலகமும் காரியம், ஆகவே அதற்கும் கர்த்தா உண்டு. இதன்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. குயவன் வனைவதைக் கண்டிருக்கிறோம். உலகம் வனையப்பட்டதைக் கண்டவர் யார் என்ற தடையை 7ஆம் நூற்றாண்டிலேயே மீமாம்சகரான குமாரிலர் எழுப்பிவிட்டார். 1779இல் வெளிவந்த ஹியூமின் உரையாடல்களிலும் இதே வகைத் தடை உண்டு. 9ஆம் நூற்றாண்டில் ஆதிபுராணம் எழுதிய சமணரான ஜினசேனர் இன்னும் கடுமையாகக் கேட்டார்: படைப்பதற்கு முன் அவன் எங்கே இருந்தான்? கருணையால் படைத்தான் என்றால் துன்பத்தை ஏன் சேர்த்துப் படைத்தான்? 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சைவ சித்தாந்த மூலநூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் படைப்பிலிருந்து தொடங்காமல் உலகின் ஒடுக்கத்திலிருந்து தொடங்கியது சாமர்த்தியமான நகர்வு. ஆனாலும் ஜினசேனரின் இரண்டாவது கேள்விக்கு அது விடையாகாது.

விடைக்கான முயற்சி இரண்டாம் சூத்திரத்தில் இருக்கிறது. உயிர்கள் இருவினைக்கு ஏற்பப் போவதும் வருவதும் இறைவனின் ஆணையால் என்கிறார் மெய்கண்டார். இதன் உள்ளே இருக்கும் தருக்கம் இது: வினை சடம். செய்த செயல் செய்தபோதே முடிந்துபோகிறது. தன் பயன் எது, அது யாருக்கு உரியது, எப்போது சேர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. உயிருக்கும் தன் பழவினை தெரியாது. தெரிந்தாலும் தீயதன் பயனை விரும்பி ஏற்றுக்கொள்ளாது. ஆகவே இரண்டையும் அறிந்து பயனை ஊட்டுவோன் ஒருவன் வேண்டும். நியாய மரபில் உதயணரும் நியாயகுசுமாஞ்சலியில் இந்த வழியில்தான் வாதிடுகிறார்: அறிவற்ற அதிருஷ்டம் (கண்ணுக்குப் புலப்படாத வினைப்பதிவு) அறிவுள்ள ஒருவனின் மேற்பார்வை இல்லாமல் தொழிற்படாது.

சிதறால் மலையிலிருந்து வரக்கூடிய மறுப்பு எளிது. அங்கே பாறை நெற்றியில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். அருகே அம்பிகா இயக்கி, சிங்கமும் இரு சிறுவர்களும் உடனிருக்க. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டு அவ்விடத்தைத் திருச்சாரணத்து மலை என்கிறது. இயக்கியை வணங்கிய அந்த மரபினர் கர்த்தாவை மட்டும் ஏற்கவில்லை. அவர்களுக்கு வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் நுண்ணிய புற்கலம். பக்குவம் வந்ததும் தானே பயன் தரும். குடித்த நஞ்சு கொல்வதற்கு நீதிபதியின் உத்தரவுக்குக் காத்திருக்கிறதா?

ஒரே உயிரையும் அதன் வினையையும் தனியே எடுத்துக்கொண்டால் இந்த மறுப்பு வெல்லும் என்றே நினைக்கிறேன். சிக்கல், உயிர்கள் பல என்பதில் இருக்கிறது. சித்தாந்த நூல்களில் வித்தாக மட்டும் இருக்கும் இந்த இடத்தை விரிப்பது என் பொறுப்பில். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த வட்டாரத்தின் கடற்கரையைத் தாக்கியது. சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பவில்லை. ஒரு படகில் பத்துப் பேர் என்றால் பத்து வெவ்வேறு வினைக்கணக்குகள். அவை பத்தும் ஒரே அலையில், ஒரே நாழிகையில் பழுக்க வேண்டும். ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு தப்பியவனின் கணக்கும் அதே அலையில் சரியாக இருக்க வேண்டும். கரையில் காத்திருந்த மனைவி மக்களின் கணக்குகளும் அதோடு பொருந்த வேண்டும். நஞ்சு தன்னைக் குடித்தவனை மட்டுமே கொல்லும், பக்கத்து வீட்டுக்காரனின் நஞ்சோடு நேரம் பேசி வைத்துக்கொள்ளாது. ஒன்றையொன்று அறியாத கோடி வினைகள் காற்றோடும் கடலோடும் பிசகாமல் பொருந்துகின்றன என்றால், பொருத்துகிற அறிவு ஒன்று வேண்டும். லைப்னிட்ஸ் 1714இல் எழுதிய மோனடாலஜியில், ஒன்றின்மேல் ஒன்று செயல்படாத தனிப்பொருள்கள் இசைந்து நடப்பதற்குக் கடவுளே காரணம் என்றது இதே தேவையை உணர்ந்துதான். பல உயிர்களையும் வினையையும் ஏற்றுக்கொண்டு பொருத்துவோனை மறுக்கும் சமணருக்கு இங்கே நல்ல பதில் இல்லை.

ஆனால் வாதம் வென்ற அதே இடத்தில் அதன் அடித்தளம் கண்ணில் படுகிறது. கடலில் மாண்டவன் தன் வினையால் மாண்டான் என்பது இங்கே முடிவன்று. கேட்காமலேயே எடுத்துக்கொண்ட தொடக்கம். காண்ட் 1788இல் அறத்துக்கும் இன்பத்துக்கும் பொருத்தம் வேண்டும் என்பதிலிருந்து கடவுளுக்குச் சென்றபோது, அதை நிரூபணம் என்று சொல்லவில்லை. ஒழுக்கத்துக்குத் தேவையான எடுகோள் என்றே சொன்னார். பொருத்தம் வேண்டும் என்றார் அவர். பொருத்தம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்கிறான் சித்தாந்தி. துணிவு அதிகம், அதற்கேற்ப ஆபத்தும் அதிகம்.

அந்த ஆபத்து நட்டாலத்தில் வெளிப்பட்டது. கால்நடையும் பயிரும் நஷ்டப்பட்டு மனம் உடைந்திருந்த நீலகண்ட பிள்ளைக்கு, 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னதாக அவரது வரலாறு கூறுகிறது. யோபுவின் நண்பர்கள் மூவரும் பேசுவது கிட்டத்தட்ட வினைக்கொள்கைதான்: நீ துன்பப்படுகிறாய் என்றால் நீ தவறு செய்திருக்கிறாய். யோபு நூலின் இறுதியில் கடவுள் கண்டிப்பது அந்த நண்பர்களையே. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், துன்பத்தைச் செயலின் கூலியாகப் படிக்கும் முறையை விட்டு வெளியேறினார் என்று நான் வாசிக்கிறேன். இந்த வாசிப்பு சரியானால், பயனூட்டுவோன் வாதம் அவரிடம் தோற்கவும் இல்லை, வெல்லவும் இல்லை. அது கால் ஊன்ற அங்கே நிலமே இல்லை. பொருள்முதல்வாதியான உலகாயதனிடமும் அப்படித்தான், அவன் வினையையே ஏற்பதில்லை.

ஆகவே இது வினையை ஒப்புக்கொண்டவரிடம் மட்டும் செல்லும் வாதம். சித்தாந்த மேடைகளில் இதை நாத்திகருக்கு எதிரான ஆயுதமாக எடுத்துக் காட்டுவது பொருத்தமற்றது. அவர்களோடு பேச வேண்டுமானால் ஐந்தாம் சூத்திரத்துக்குப் போக வேண்டும். கண் தானாகக் காண்பதில்லை, உயிர் உடனிருந்தே காண்கிறது. உயிரும் அப்படியே இறைவன் உடனிருக்கவே அறிகிறது என்கிறது அது. ‘அறிகிறோம்’ என்பதை உலகாயதனும் மறுக்க மாட்டான், யோபுவும் மறுக்க மாட்டான். அந்த வாதம் முடிவு வரை நிற்குமா என்பது தனியாக ஆராயத்தக்கது. தொடங்கும் இடமாவது எல்லாருக்கும் பொதுவானது.